லேபிளில் 450 வாட், உள்ளே எவ்வளவு?

சென்னை ரிச்சி தெருவுக்குப் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் முதலில் பிராசஸரைப் பற்றி விசாரிப்பார்கள். பிறகு ராம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு. பட்ஜெட் இடிக்கும்போது கை வைப்பது பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின் சப்ளைப் பெட்டியில்தான். கேபினெட்டோடு சேர்ந்தே ஒன்று வருகிறது, லேபிளில் 450 வாட் என்று போட்டிருக்கிறது, அது போதாதா என்று தோன்றும். பல நேரம் போதாது. உள்ளே இருக்கும் எல்லா பாகங்களும் கரண்ட் வாங்குவது இந்த ஒரு பெட்டியிடம்தான். அது மோசமாகப் பழுதானால் மதர்போர்டும் ஹார்ட் டிஸ்கும்கூட அதோடு சேர்ந்து போய்விடலாம்.

சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ். அதை டி.சி.யாக மாற்றி ஒரு பெரிய கப்பாசிட்டரில் சேமிக்கிறது. பிறகு நொடிக்குப் பல்லாயிரம் முறை வேகத்தில் அதை வெட்டி வெட்டி ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர் வழியாக அனுப்பி, 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்குகிறது. இன்டெல் நிறுவனம் 1995-ல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். தரநிலைதான் இன்றுவரை இதற்கு அடிப்படை. இந்த மூன்று மின்னழுத்தங்களும் 5 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது அதன் நெடுங்கால விதி. அதாவது 12 வோல்ட் கம்பியில் 11.4-க்குக் குறையக் கூடாது, 12.6-ஐத் தாண்டக் கூடாது.

இந்த மூன்றில் இன்று பாரம் சுமப்பது 12 வோல்ட்தான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. 1981-ல் வெளியான முதல் ஐ.பி.எம். பி.சி.க்கு 63.5 வாட் சப்ளை போதுமானதாக இருந்தது. 2022-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் 450 வாட் தேவை.

ஆகவே லேபிளைப் படிக்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டை விட்டுவிட்டு, கீழே சிறிய கட்டங்களில் 12 வோல்ட்டுக்கு நேராக எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்க்க வேண்டும். அதை 12-ஆல் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். 45.8 ஆம்பியர் என்றிருந்தால் கிட்டத்தட்ட 550 வாட். அது 550 வாட் என்று விற்கப்படும் பெட்டியானால், முழுத் திறனையும் 12 வோல்ட்டிலேயே தர வல்லது என்று பொருள். 450 வாட் என்று தலைப்பில் போட்டுவிட்டு 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் மட்டுமே காட்டினால், பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைக்கப்போவது 180 வாட்தான். மீதிக் கணக்கை 5, 3.3 வோல்ட்டுகளில் காட்டியிருப்பார்கள். இன்றைய கம்ப்யூட்டருக்கு அங்கே அவ்வளவு தேவை கிடையாது.

எத்தனை வாட் வாங்குவது? கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கம்ப்யூட்டர் 100 வாட்டைத் தாண்டுவதே அரிது. 115 வாட் எடுக்கும் ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டும் நடுத்தரப் பிராசஸரும் சேர்ந்தால் முழு வேகத்திலும் 300 வாட்டுக்குள் அடங்கும். அதற்கு 550 வாட் போதும் என்று அந்தக் கார்டை உருவாக்கிய என்விடியாவே சொல்கிறது. இந்த இடைவெளி வீண் செலவு அல்ல. கிராபிக்ஸ் கார்டுகள் நொடியின் மிகச் சிறு பகுதிக்குத் திடீரென்று பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதனால்தான் 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரநிலை, பெரிய எஸ்.எம்.பி.எஸ்கள் தங்கள் திறனைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்கிறது.

அடுத்து வாங்குபவர்கள் தேடுவது 80 பிளஸ் முத்திரை. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உருப்படியாகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதை அளக்கும் இத்திட்டம் 2004-ல் தொடங்கியது. கோல்டு முத்திரை பெற, 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையில் 90 சதவீதம் எட்ட வேண்டும். 300 வாட் கொடுக்கும்போது 90 சதவீதம் என்றால் வெப்பமாக வீணாவது சுமார் 33 வாட். 75 சதவீதமே எட்டும் மலிவான பெட்டியில் வீணாவது 100 வாட். மின்கட்டணத்தோடு அறையின் சூடும் ஏறும். ஆனால் இந்தச் சோதனை நடப்பது 23 டிகிரி செல்சியஸில். மே மாதம் வேலூரிலோ மதுரையிலோ மூடிய கேபினெட்டுக்குள் நிலவும் சூடு வேறு. கப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பதால், 85 டிகிரிக்கு அல்லாமல் 105 டிகிரிக்குத் தரப்படுத்திய கப்பாசிட்டர்கள் உள்ளவற்றைத் தேர்ந்தெடுப்பது நம் ஊருக்கு நல்லது.

முத்திரை செயல்திறனுக்கு மட்டும்தான் சாட்சி, பாதுகாப்புக்கு அல்ல. கிகாபைட் நிறுவனத்தின் ஜி.பி.-பி.750.ஜி.எம். மாடல் கோல்டு முத்திரை பெற்றது. கிராபிக்ஸ் கார்டு தட்டுப்பாடு நிலவிய நாட்களில் அமெரிக்காவின் நியூஎக் கடை அதைக் கார்டுகளோடு சேர்த்துக் கட்டி விற்றது. கேமர்ஸ் நெக்சஸ் என்ற யூடியூப் சேனல் அவற்றை வாங்கிச் சோதித்தபோது பல யூனிட்டுகள் பெருஞ்சத்தத்துடன் செயலிழந்தன. 2021 ஆகஸ்டில் கிகாபைட் அறிக்கை வெளியிட்டது. அதிகச் சுமை ஏறினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு, அதுவரை 120 முதல் 150 சதவீதத்தில்தான் செயல்பட்டது. அதை 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்துவிட்டதாகச் சொன்னது. குறிப்பிட்ட வரிசை எண்கள் கொண்டவற்றை மாற்றித் தரவும் முன்வந்தது. அதிகச் சுமை, ஷார்ட் சர்க்யூட், அதிக மின்னழுத்தம், அதிகச் சூடு ஆகியவற்றுக்கு எதிரான பாதுகாப்புகள் பெட்டியில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. சரியான நேரத்தில் வேலை செய்கின்றனவா என்பது கடுமையான சோதனையில்தான் தெரியும்.

வீட்டில் என்ன சோதிக்கலாம்? பலரும் செய்வது பேப்பர் கிளிப் சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டிலிருந்து 24 பின் இணைப்பைக் கழற்றி, பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்துவிட்டு சுவிட்சைப் போட வேண்டும். எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் புதிய மாடல்களில் 16-ம், 17-ம் பின்கள். பேன் சுற்றினால் உயிர் இருக்கிறது என்று மட்டுமே அறியலாம். சுமை குறைவாக இருக்கையில் பேனை நிறுத்திவைக்கும் மாடல்களில் அதுவும் சுற்றாது.

உபயோகமான சோதனை சுமையோடு செய்வதுதான். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது காலியாகத் தொங்கும் நான்கு பின் மோலெக்ஸ் இணைப்பில், மல்ட்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை மஞ்சள் வயரிலும் தொட வேண்டும். சும்மா இருக்கும்போது 12.1 காட்டி, கனமான கேம் ஓடும்போது 11.9-க்கு இறங்கினால் கவலையில்லை. 11.3-க்குப் போனால் அந்த எஸ்.எம்.பி.எஸ். மாற்றப்பட வேண்டியது. மல்ட்டிமீட்டருக்குப் புலப்படாத ஒன்று உண்டு: டி.சி. மேல் அலையடிக்கும் ரிப்பிள். 12 வோல்ட்டில் அது 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். வாங்கும் முன்பே அப்படி அளந்து எழுதிய விமர்சனங்களைத் தேடிப் படிப்பது இதனால்தான் அவசியம்.

யு.பி.எஸ். இருந்தும் கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்ற புகார் தமிழ்நாட்டில் பழக்கமானது. யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறச் சில மில்லி நொடிகள் ஆகும். அந்த இடைவெளியைப் பெரிய கப்பாசிட்டரில் சேர்ந்திருக்கும் மின்சாரம் தாண்டிக் கொடுக்க வேண்டும். கப்பாசிட்டரில் கஞ்சம் பிடித்த மலிவுப் பெட்டிகள் இங்கேதான் சறுக்கும். பேட்டரி சோர்ந்திருந்தாலும் இதே விளைவுதான் என்பதால், நல்ல நிலையில் உள்ள வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்டிப் பார்த்து முடிவு செய்வது நம்பகமானது.

எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் யாரும் வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட மாடுலர் வகையில் இன்னொரு கவனமும் தேவை. கேபிளின் மதர்போர்டுப் பக்கம் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றுதான், எஸ்.எம்.பி.எஸ். பக்கம் அப்படியல்ல. பழைய கேபிள் புதிய பெட்டியில் கச்சிதமாகப் பொருந்தி, 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட்டை அனுப்பிவிட்டால் எஸ்.எஸ்.டி.யும் ஹார்ட் டிஸ்கும் அந்த நொடியே கருகிவிடும். ஆகவே பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றும்போது, டேபிளுக்கு அடியில் அழகாகக் கட்டிவைத்த கேபிள்களையும் சேர்த்தே அவிழ்த்து எடுத்துவிட வேண்டும்.