மிகைக் காற்றூட்டலும் லாரியின் இழுவையும்

பெருஞ்சுமை ஏற்றிய லாரியொன்று மலைச்சாலையில் ஏறுங்கால், கரும்புகை கக்கி, முனகி முனகி ஊர்ந்து செல்வதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அதற்கு வேண்டுவது இன்னுஞ் சிறிது எண்ணெயே என்று எண்ணுவார் உளர். உண்மை அதுவன்று, அதற்கு வேண்டுவது காற்றேயாம். அஃது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானிய அறிஞர் அமைத்த இயந்திரம் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் செவ்வனே இயங்கிக் காட்டிற்று. அவர் பெயரே அதற்கும் வழங்கலாயிற்று. இதில் தீப்பொறி எழுப்புங் கருவி இல்லை. சிலிண்டருட் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16இல் ஒரு பங்காக நெருக்க, அக்காற்று மிகுந்த வெப்பமடைகின்றது. அப்பொழுது பீச்சப்படும் எண்ணெய் தானே தீப்பற்றுகின்றது. ஒரு பங்கு எடையுள்ள டீசல் எண்ணெய் முற்றும் எரிதற்கு ஏறத்தாழ 14½ பங்கு எடையுள்ள காற்று வேண்டும். புகையின்றி எரிவதற்கு அதனினும் மிகுதியாக வேண்டும். காற்றை மிகுக்காது எண்ணெயை மட்டும் மிகுத்தால், அதிற் பெரும்பகுதி கரியும் புகையுமாகக் கழியும். கொல்லன் உலையிற் கரியைக் குவிப்பதோடு அமையாது துருத்தியையும் ஊதுகின்றான் அன்றோ? இயந்திரத்திற்கும் அத்தகைய துருத்தியொன்று வேண்டும். அதனால் காற்றை அழுத்திச் செலுத்துவதே மிகைக் காற்றூட்டல் எனப்படும்.

இத்துருத்தி இருவகைப்படும். முதலாவது, இயந்திரத்தின் தண்டினாலேயே சுழற்றப்படுவது. அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர் 1860இல் உரிமை பெற்ற ஊதுகருவி இவ்வகைக்குப் பயன்பட்டது. இயந்திரம் மெல்லச் சுழலும்போதே இது காற்றைத் தருமாதலின், நின்ற சுமையை அசைத்துக் கிளப்புதற்கு ஏற்றது. ஆயினும் தன்னைச் சுழற்றுதற்கே இயந்திர வலிமையில் ஒரு கூற்றைக் கவர்ந்துகொள்ளும்.

இரண்டாவது, டர்போ எனப்படுவது. எண்ணெய் எரிந்து எழும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கழிவாவியோடு வீணே போகின்றது. அதனைக் கொண்டே காற்றை ஊட்டலாமென்று கருதிய ஸ்விட்ஸர்லாந்து நாட்டு ஆல்ஃபிரட் ப்யூக்கி என்பார் 1905இல் அதற்கு உரிமை பெற்றார். கழிவாவி ஒரு சிறு டர்பைனைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள விசிறி காற்றை அழுத்தி உட்செலுத்துகின்றது. இது முதலிற் கப்பல்களிற் பயன்பட்டது. அந்நாட்டுச் சௌரர் தொழிற்சாலை 1938இல் இதனை லாரிக்குக் கொணர்ந்தது. ஸ்வீடனில் வோல்வோ நிறுவனத்தார் 1954இல் டைட்டன் என்னும் லாரிக்கு இதனைப் பொருத்த, 150 குதிரைச் சக்தியுடைய இயந்திரம் 185 குதிரைச் சக்தி பெற்றது. இதன் குறை யாதெனில், கழிவாவி பெருகுமட்டும் சிறிது தாமதித்தே வலிமை தருதலாகும். எனினும் இன்று பெரிய லாரிகளிற் பெரும்பாலன டர்போ உடையனவே. மலையுச்சியிற் காற்று மெலிந்தவிடத்தும் இயந்திரம் மூச்சிழவாதிருப்பது இதன் தனிச்சிறப்பாகும்.

அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சூடேறிய காற்று விரியும். இருமடங்கு அழுத்தினால் வெப்பம் 100 பாகையையுங் கடத்தல் கூடும். ஆதலின் அதனைக் குளிர்விப்பான் வழியே செலுத்தி, அடர்த்தியாக்கிய பின்னரே சிலிண்டருக்கு அனுப்புகின்றனர்.

இனி, இவ்வலிமை விலையின்றி வருவதன்று. சிலிண்டருள் அழுத்தமும் வெப்பமும் ஏறுதலின் பிஸ்டன், தாங்கிகள், கிளச்சு, பற்சக்கரப் பெட்டி ஆகிய யாவும் அதனைத் தாங்கவல்லனவாதல் வேண்டும். பழைய இயந்திரத்தில் துருத்தியை மட்டும் சேர்ப்பவர் சின்னாளில் பிஸ்டன் உருகக் காண்பர்.

இவற்றினும் பெரிது, தடையாகும். ஏறிய லாரி இறங்கவும் வேண்டுமன்றோ? 1931இல் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்னும் அமெரிக்க இயந்திர வல்லுநர் டீசல் லாரியொன்றில் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கியபோது தடைகள் செயலிழந்தன. கீழே இருப்புப்பாதையைச் சரக்கு இரயிலொன்று கடந்துகொண்டிருந்தது. மயிரிழையில் உயிர் தப்பினார். அதனை மறவாத அவர் பின்னர் இயந்திரத்தையே தடையாக்கும் கருவியொன்றைக் கண்டார். அது 1961 முதல் விற்பனைக்கு வந்தது. சிலிண்டரில் நெருக்கிய காற்றை, அது பிஸ்டனைத் திரும்பத் தள்ளுமுன் வெளியேற்றிவிடுவதே அதன் உபாயம். நெருக்குதற்குச் செலவான வலிமை மீளாமையால் வண்டியின் வேகம் அடங்குகின்றது. டர்போ ஊட்டும் காற்று மிகுந்தால் இத்தடையும் வலுக்கின்றது.

ஆகவே, ஏற்றத்தில் இழுப்பதற்கு உதவிய காற்றே இறக்கத்தில் காப்பதற்கும் உதவுகின்றது. சுமையை இழுக்கும் ஆற்றலை மட்டும் பெருக்கி, அதனை அடக்கும் ஆற்றலை மறந்தவன், தன் உயிரையன்றி வழிச்செல்வோர் உயிரையும் இடருக்கு உள்ளாக்குகின்றான். லாரியின் வலிமையை எத்துணைச் சுமை இழுக்கும் என்பதோடு, எத்துணைச் சுமையோடு நிற்கும் என்பதையும் கொண்டே அளத்தல் வேண்டும்.