அளவுகோலும் அளக்கப்படுவதும்

உளவியல் அளவுகோல்களை மதிப்பிட நம்பகம், ஏற்புடைமை என இரு நியமங்கள் உள. மீளவும் அளக்கும்பொழுது ஒத்த பெறுபேறு கிடைப்பது நம்பகம். அளப்பதாகக் கூறப்படுவதையே அளப்பது ஏற்புடைமை. நம்பகம் மட்டுமே ஏற்புடைமைக்குச் சான்றாகாது. பழுதுற்ற தராசும் ஒவ்வொரு முறையும் ஒரே பிழையான நிறையைக் காட்டக்கூடும்.

இவ்வேறுபாடு வெறும் நுட்பப் பிரச்சினையன்று என்பதை வரலாறு காட்டுகின்றது. முதலாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்கா ஏறத்தாழ 17 இலட்சம் படையினரின் நுண்ணறிவைச் சோதித்தது. எழுத்தறிந்தோருக்கான 'அல்பா' சோதனை சந்தைப் பண்டங்களையும் பேஸ்போல் வீரரையும் பற்றி வினவியது. எழுத்தறியாதோருக்கும் ஆங்கிலம் அறியாதோருக்குமான 'பீற்றா', டென்னிஸ் களத்தின் படத்தில் விடுபட்ட வலையை வரையக் கோரியது. டென்னிஸைக் கண்டறியாத உழைப்பாளி இங்கு அறிவிலியாகக் கணிக்கப்பட்டான்.

குடியேறியோரின் சராசரிப் புள்ளியோ அந்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளுக்கேற்ப உயர்ந்தது. அளக்கப்பட்டது பிறவி நுண்ணறிவன்று, அமெரிக்க வாழ்க்கையுடனான பரிச்சயமே என்பதற்கு இதுவே போதிய சான்று. ஆயினும் கார்ல் பிரிகம் 1923 இல் வெளியிட்ட நூலில், பிந்தி வந்தோர் தாழ்ந்த இனத்தவர் என விளக்கமளித்தார். 1924 இல் தென், கிழக்கு ஐரோப்பியரின் வருகையைக் கடுமையாகக் குறைக்கும் சட்டம் நிறைவேறியது. 1930 இல் பிரிகம் தம் முடிவுகளைத் தாமே மறுத்துரைத்தார். அச்சட்டத்தின் ஒதுக்கீட்டு முறையோ 1965 வரை நீக்கப்படவில்லை.

எனவே, எவரது வாழ்வனுபவம் பொது இயல்பெனக் கொள்ளப்பட்டு அளவுகோல் ஆக்கப்பட்டது என்பதே நாம் முதலில் எழுப்பவேண்டிய வினா. அதனை எழுப்பாதவிடத்து, சமூக ஏற்றத்தாழ்வு இயற்கை விதியாக எண்ணுருவில் நம்முன் வந்து நிற்கும்.