அண்ணனை ஏற்றோம், தம்பியை ஏற்கவில்லை

ஏட்டிலிருந்து திரைக்கு – 6

டோல்கீனைப் படித்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பீட்டர் ஜாக்சனின் படங்களைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. டாம் பாம்படில் எங்கே போனார் என்று ஒருவர் கேட்பார். ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போருக்கு எல்ஃப்கள் எங்கிருந்து வந்து குதித்தார்கள் என்று இன்னொருவர் கேட்பார். இதெல்லாம் சிரித்துக்கொண்டே பேசுகிற விஷயங்கள். ஃபாராமிர் பெயர் வந்ததும் குரல் மாறிவிடும். ‘தி டூ டவர்ஸ்’ படம் வெளியானது 2002 டிசம்பரில். அன்றைக்கு வந்த வருத்தம் பலருக்கு இன்னும் தீரவில்லை. எனக்கும் தீரவில்லை.

ஒரு ஃபேன்டஸி நாவல் படமாகும்போது அதன் வாசகர் எதைப் பொறுத்துக்கொள்கிறார், எதைப் பொறுக்க மாட்டார்? டோல்கீனின் நாவலில் வரும் இரண்டு சகோதரர்களைவிட நல்ல சாட்சி இதற்குக் கிடையாது. அரசன் இல்லாத கோண்டோர் நாட்டை அரசன் பெயரால் ஆண்டுவரும் டெனதோரின் மகன்கள் அவர்கள். மூத்தவன் போரோமிர், இளையவன் ஃபாராமிர். படத்தில் இருவருமே மாறினார்கள். அண்ணனிடம் செய்த மாற்றங்களை வாசகர்கள் மனதார ஏற்றுக்கொண்டார்கள். தம்பியை மாற்றியதை ஏற்கவே இல்லை.

முதலில் வெட்டுகளைப் பார்த்துவிடலாம். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்த நாவல். ஆயிரம் பக்கங்களுக்கு மேல் போகும் அதைப் படமாக்கினால் எதையாவது விட்டே ஆக வேண்டும். டோல்கீனே இதை ஒப்புக்கொண்டவர். அற்புதக் கதைக்குச் சொல்லே உகந்த இடம், நாடகம் அதற்குப் பகை என்று 1947இல் வெளியான தன் கட்டுரையில் வாதிட்டவர்தான். இருந்தும், நாவலைப் படமாக்க நினைத்த அமெரிக்கர்கள் சிலர் மார்ட்டன் ஜிம்மர்மன் என்பவர் எழுதிய கதைச் சுருக்கத்தை அனுப்பியபோது, அதை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். 1958இல் அவர் எழுதிய பதில் நீண்டது, கோபமானது. கழுகுகளை வாகனம்போல் கண்ட இடத்திலெல்லாம் பயன்படுத்துவது, இல்லாத சண்டைகளைச் சேர்ப்பது, பாத்திரங்களின் பேச்சைச் சிதைப்பது என்று ஒவ்வொன்றையும் எடுத்துக் கண்டித்தார்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. நடமாடும் மரக் காவலர்களான என்ட்களுக்கும் கோட்டைப் போருக்கும் போதுமான நேரம் ஒதுக்க முடியாவிட்டால், ஒன்றை முழுதாக விட்டுவிடுங்கள். விடவேண்டியது போரைத்தான், அது மையக் கதைக்கு ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பது என்கிறார். ஜாக்சன் மாதக்கணக்கில் இரவு இரவாகப் படமெடுத்து, இரண்டாம் படத்தின் சிகரமாக நிறுத்தியது அதே போர்! திரையில் அது நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அதை உருவாக்கியவர் மனதில் அது எந்த இடத்தில் இருந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. சிதைத்துச் சுருக்குவதைவிட முழுதாக விடுவது மேல் என்பது அவர் கட்சி.

வாசகரின் கட்சியும் அதுவே. பாம்படில் முழுதாக விடப்பட்டார். அவர் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்வோமே தவிர, அவர் இல்லாததால் யாரும் படத்தை வெறுக்கவில்லை. படத்துக்குள் வராத பாம்படில் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறார்.

ஒரு வெட்டு மட்டும் எனக்கு ஆறாத வெட்டு. போர் முடிந்து, குள்ள உருவ ஹாபிட்களான ஃப்ரோடோ, சாம், மெர்ரி, பிப்பின் நால்வரும் ஊர் திரும்பும்போது, நாவலில் அவர்களுடைய ஷயர் சூறையாடப்பட்டுக் கிடக்கிறது. மரங்கள் வெட்டப்பட்டு, ஆலைப் புகையில் ஊர் கறுத்திருக்கிறது. அதை மீட்கிற அத்தியாயம் கதைக்கு இன்றியமையாதது, ஆரம்பத்திலேயே திட்டமிட்டது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் அழுத்திச் சொல்லியிருக்கிறார். படத்தில் எல்ஃப் சீமாட்டி கலாட்ரியலின் நீர்க்கண்ணாடியில் ஷயர் எரிவது சில நொடிகள் தெரிகிறது, அவ்வளவுதான். அவர்கள் திரும்பி வரும் ஊர் விட்டுப்போன மாதிரியே பச்சையாக இருக்கிறது. முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் நின்றுவிட்டு வந்த ஒருவர் எழுதிய கதையில், போர் ஊருக்குள் வராமலே முடிந்துபோவது சின்ன இழப்பு இல்லை. இருந்தும், ஏற்கெனவே மூன்றே கால் மணி நேரத்தைத் தாண்டிவிட்ட மூன்றாம் படத்தில் அதற்கு எங்கே இடம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இனி சகோதரர்கள்.

நாவலில் போரோமிரின் கடைசிச் சண்டையை நாம் பார்ப்பதே இல்லை. எவரையும் கெடுக்கும் அந்த மோதிரத்தின் ஆசை பிடித்து, அதைச் சுமந்து செல்லும் ஃப்ரோடோவிடமிருந்து பறிக்கப் பாய்கிறான். பிறகு நொறுங்கிப்போகிறான். இரண்டாம் பாகம் தொடங்கும்போது, கோண்டோர் அரியணையின் வாரிசான ஆரகார்ன் அவனுடைய கொம்பின் ஓசையைக் கேட்டு ஓடுகிறான். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. உடம்பெல்லாம் அம்பு தைத்து, மரத்தில் சாய்ந்தபடி, சுற்றிலும் எதிரிகளான ஓர்க்குகள் செத்துக் கிடக்க, போரோமிர் சாகக் கிடக்கிறான். செய்த பிழையைச் சொல்கிறான், தன் மக்களைக் காப்பாற்றச் சொல்கிறான், இறக்கிறான். இரண்டு பக்கம்கூட வராது.

ஜாக்சன் இதை முதல் படத்தின் முடிவுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு அம்பும் நம் கண்முன் தைக்கிறது. போரோமிராக வரும் ஷான் பீன் ஒவ்வொன்றுக்கும் விழுந்து, மறுபடி எழுந்து, மெர்ரியையும் பிப்பினையும் மறைத்து நின்று சண்டை போடுகிறார். அந்த இருவர்மேல் அவனுக்கு ஏன் அத்தனை பாசம் என்பதற்கும் முன்பே ஒரு காட்சி வைத்திருக்கிறார்கள்: வழியில் ஓய்வாக நிற்கும்போது அவர்களுக்கு வாள் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறான், விளையாட்டாகப் புரண்டு விழுகிறார்கள். இது நாவலில் இல்லை. பனிமலையில் விழுந்த மோதிரத்தைச் சங்கிலியோடு தூக்கிப் பிடித்து அவன் மயங்கி நிற்பதும் இல்லை. சாகும்போது ஆரகார்னைத் தன் அரசன் என்று அழைப்பதும் இல்லை. இத்தனையும் இட்டுக்கட்டியவைதான். படித்தவர்களில் யாரும் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கண் கலங்கியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

காரணம் தெளிவு. நாவல் போரோமிரைப் பற்றி என்ன சொல்கிறதோ, அதையே படம் உரக்கச் சொல்கிறது. வீரன், நாட்டுப்பற்று உள்ளவன், அந்தப் பற்றின் வழியாகவே ஆசைக்கு விழுந்தவன், விழுந்தபின் எழுந்தவன். புதிய காட்சிகள் எல்லாம் இந்த மனிதனிடமிருந்தே முளைத்தவை.

தம்பி கதை வேறு. இத்திலியன் காட்டில் ஃப்ரோடோவையும் சாமையும் பிடிக்கும் ஃபாராமிர், அவர்களை அருவிக்குப் பின்னால் இருக்கும் குகைக்கு அழைத்துப் போகிறான். விசாரிக்கிறான், சோறு போடுகிறான். அவர்களிடம் இருப்பது என்னவென்று தெரிவதற்கு முன்பே, தெருவில் கிடந்தாலும் அதை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடுகிறான். பிறகு சாம் வாய்தவறி உளறிவிட, உண்மை வெளிப்படுகிறது. எழுந்து நிற்கிறான். தன் தரத்தைக் காட்ட இதோ ஒரு வாய்ப்பு என்கிறான். படிக்கிறவருக்கு நெஞ்சு அடைக்கும். அடுத்த கணம் அமைதியாகச் சிரித்து, உட்கார்ந்துவிடுகிறான். சொன்ன சொல் சொன்னதுதான். உணவும் ஊன்றுகோலும் கொடுத்து, போகும் வழியின் ஆபத்தை எச்சரித்து, அனுப்பி வைக்கிறான்.

படத்திலும் அதே வாக்கியம் வருகிறது. ஃபாராமிராக வரும் டேவிட் வென்ஹாம் அதைச் சொல்லும்போது அவருடைய வாள்நுனி ஃப்ரோடோவின் கழுத்தருகே மோதிரத்தைத் தொடுகிறது. உட்காரவில்லை. மோதிரத்தைத் தந்தையிடம் சேர்க்க இருவரையும் கைதிகளாக ஓஸ்கிலியாத் நகரத்துக்கு இழுத்துப் போகிறான். கடைசியில் மனம் மாறி விடுவிக்கிறான், உண்மைதான். ஆனால் ஒரே வாக்கியம் ஏட்டில் ஒரு மனிதனையும் திரையில் அவனுக்கு நேர் எதிரான மனிதனையும் காட்டிவிடுகிறது.

திரைக்கதை எழுதியவர்கள் இதற்குச் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. ஷெலோப் என்ற ராட்சதச் சிலந்தியின் பகுதி மூன்றாம் படத்துக்குப் போய்விட்டதால், இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவின் பயணத்துக்கு ஒரு உச்சம் தேவைப்பட்டது. அது நியாயம். இன்னொரு காரணத்தைத் திரைக்கதையில் பங்கேற்ற ஃபிலிப்பா பாயன்ஸ் சொன்னார்: மோதிரம் எவரையும் கெடுக்கும் என்று கட்டியெழுப்பிவிட்டு, ஒருவன் வந்து சலனமே இல்லாமல் வேண்டாம் என்றால் மோதிரத்தின் பலம் போய்விடும்.

இந்த இரண்டாவது வாதத்தை நான் ஏற்கவில்லை. அதை மறுப்பது அவர்களுடைய முதல் படமே. அதன் முடிவில் ஃப்ரோடோ உள்ளங்கையில் மோதிரத்தை ஏந்தி ஆரகார்ன்முன் நீட்டுகிறான். ஆரகார்ன் மண்டியிட்டு, ஃப்ரோடோவின் விரல்களைத் தன் கையால் மூடிவிடுகிறான். இது நாவலில் இல்லாத, இவர்களே எழுதிச் சேர்த்த காட்சி. படத்தின் மிக அழகான தருணங்களில் ஒன்று. அதனால் மோதிரத்தின் பலம் குறைந்ததா? கூடியது. மறுக்க எத்தனை வலிமை வேண்டும் என்று காட்டிய கணம் அது. அதையே குகைக்குள் வென்ஹாமுக்கும் எழுதியிருக்கலாம். எழுதத் தெரிந்தவர்கள்தான்.

ஃபாராமிரை இழந்ததில் போனது ஒரு நல்லவன் மட்டும் இல்லை. அண்ணன் விழுந்த இடத்தில் தம்பி நிற்கிறான். ஒரே தந்தை, ஒரே நாடு, அதே நெருக்கடி. இருந்தும் ஒருவனால் மறுக்க முடிந்தது. மனிதர்கள் இப்படியும் இருக்கலாம் என்பதற்கு அந்த இருண்ட கதையில் டோல்கீன் வைத்த அத்தாட்சி அவன். படித்தவர்கள் அவனை நேசித்ததும் அதற்காகவே.

டோல்கீனுக்கும் அவன்மேல் தனிப் பிரியம். 1944 மே மாதம், விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்கு எழுதிய கடிதத்தில், புதிதாக ஒருவன் இத்திலியன் காட்டுக்குள் நடந்து வந்துவிட்டான், அவனை நான் கூப்பிடவே இல்லை, ஆனால் பிடித்திருக்கிறது என்ற பொருளில் சொல்கிறார். அந்தக் கடிதத்தைப் பெற்ற கிறிஸ்டோபர், பின்னாளில் தந்தையின் எழுத்துகளுக்கெல்லாம் காவலராக இருந்தவர். 2012இல் ஒரு பிரெஞ்சு நாளிதழிடம் பேசியபோது, இந்தப் படங்கள் நாவலின் குடலை உருவிவிட்டன, இளவட்டங்களுக்கான சண்டைப் படமாக ஆக்கிவிட்டன என்று குமுறினார். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். டோல்கீனைப் பல வருடம் வரைந்தும் வாசித்தும் வாழ்ந்த ஆலன் லீ, ஜான் ஹௌ போன்ற ஓவியர்களை அழைத்து அந்த உலகத்தின் வாசற்கதவு முதல் கவசம் வரை இழைத்தவர்களை அப்படித் தூக்கியெறிய மனம் வரவில்லை. கோபத்தின் வேர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் புரிகிறது.

ஜாக்சன் குழுவினருக்கும் வாசகரின் மனத்தாங்கல் தெரிந்திருந்தது. அவர்கள் வாசகரை அலட்சியப்படுத்தியவர்கள் இல்லை. எல்ஃப் பெண்ணான அர்வென் கோட்டைப் போரில் வாள் சுழற்றுவதாக எடுக்கப்பட்ட காட்சிகள் பற்றிய செய்தி வெளியே கசிந்து, ரசிகர்கள் கொதித்தார்கள். முடிந்த படத்தில் அந்தக் காட்சிகள் இல்லை. நீட்டிக்கப்பட்ட டிவிடி பதிப்புகளின் இறுதியில், ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்கள் நிமிடக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். ‘தி டூ டவர்ஸ்’ நீட்டிப்பில் ஃபாராமிருக்கு ஒரு பழைய நினைவுக் காட்சியும் சேர்ந்தது. ஓஸ்கிலியாத் மீட்கப்பட்ட நாளில் அண்ணனைத் தந்தை கொண்டாடுவதும், தம்பியை வெட்டிப் பேசுவதும், அண்ணன் தம்பிக்காகப் பரிந்து நிற்பதும் வருகிறது. அருமையான காட்சி. தந்தையின் அன்புக்கு ஏங்கித்தான் மோதிரத்தைக் கொண்டுபோக நினைத்தான் என்பது புரிகிறது. திரையரங்குகளில் ஓடிய படத்தில் இது இருந்திருந்தால் பாதி வருத்தம் குறைந்திருக்கும்.

மீதிப் பாதிக்கு மருந்து இல்லை. மலைபோல் எழுந்து நிலத்தை விழுங்கும் ஒரு பேரலை, டோல்கீனுக்குத் திரும்பத் திரும்ப வந்த கனவு. நாவலில் அந்தக் கனவை அவர் ஃபாராமிருக்குக் கொடுத்தார். தன்னைப் போன்றவன் இந்தக் கதையில் யாராவது உண்டென்றால் அவன்தான் என்றும் எழுதியிருக்கிறார். மோதிரம் அழியும் நேரத்தில், நகரத்து மதில்மேல் போர்வீராங்கனை எயோவின் பக்கத்தில் நிற்கும்போது ஃபாராமிர் அந்தக் கனவைச் சொல்கிறான். மூன்றாம் படத்தின் நீட்டித்த பதிப்பில் அந்தக் கனவு இருக்கிறது. ஆனால் எயோவின் அதை ஆரகார்னிடம் சொல்கிறாள். அவளுக்கு அது அழகாகவே பொருந்துகிறது. ஃபாராமிரிடமிருந்து எடுத்துத்தான் அவளுக்குக் கொடுத்தார்கள் என்பது புத்தகம் படித்தவருக்கு மட்டும் தெரியும்.

(தொடரும்)