சிந்தியது தரையோடு நிற்பதில்லை

2019 மார்ச் 7. ஜோகூர், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றுக்கு அருகிலிருந்த பள்ளிகளில் மாணவர்கள் திடீரென வாந்தி எடுத்தனர்; மூச்சுவிடத் திணறினர். ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து எழுந்த நச்சு ஆவியே அதற்குக் காரணம். அடுத்தடுத்த நாள்களில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. கழிவு கிடந்தது ஆற்றில். அதன் ஆவி வந்து சேர்ந்ததோ பள்ளிக்கு.

கட்டுமானத் தளத்திலோ தொழிற்சாலையிலோ எரிபொருள் சிந்தும்போதும் இதே அறிவியல்தான் செயல்படுகிறது. நம் கண்ணில் படுவது தரையின் ஈரம் மட்டுமே. ஆனால், பெட்ரோல் சுழியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். அப்படியானால், நம் ஊர் வெயிலில் எவ்வளவு வேகமாக ஆவியாகும்! அந்த ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. அதனால் மேலே எழாமல், தரையை ஒட்டி ஊர்ந்து பள்ளங்களிலும் கால்வாய்களிலும் தேங்கும். சற்றுத் தொலைவிலுள்ள ஜெனரேட்டரின் ஒரு பொறி போதும். தீ அந்த ஆவியின் வழியே சிந்திய இடத்துக்கே ஓடிவந்துவிடும்.

ஆகவே, முதல் வேலை துடைப்பது அன்று, விலகுவது. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகி நிற்க வேண்டும். மற்றவர்களையும் எச்சரிக்க வேண்டும். ஆவி சூழ்ந்த இடத்தில் மின்விசையைத் தொடக்கூடாது; விளக்கை அணைக்கும்போதும் பொறி எழலாம். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்திருந்தால், ஓடிப்போய்த் தூக்கத்தான் மனம் துடிக்கும். ஆனால், சுவாசக் கருவியின்றி நுழைபவர் இரண்டாவதாக விழக்கூடும். மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லுங்கள்; நிலைமை பெரிதென்றால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழையுங்கள்.

சுத்தம் செய்வது பயிற்சி பெற்றவர்களின் பணி. அவர்கள் முதலில் அப்பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாளைப் படித்து, அதற்கேற்ற கையுறை, கண்ணாடி, முகக்கவசம் அணிவார்கள். பிறகு கால்வாய் வாயை மூடி, சுற்றிலும் மணல் அணை கட்டுவார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் என்ன? பெட்ரோலும் டீசலும் நீரைவிட அடர்த்தி குறைந்தவை; நீரில் மிதந்தபடி கால்வாய் வழியே ஆற்றுக்குப் போய்விடும். எல்லாவற்றுக்கும் மரத்தூளும் ஆகாது. அடர் நைட்ரிக் அமிலத்தின்மீது தூவினால் மரத்தூளே தீப்பற்றலாம். அமிலம் சிந்திய இடத்தில் வீட்டு வெளுப்பான் பட்டால் குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும்.

தரை காய்ந்ததும் வேலை முடிந்துவிடாது. எண்ணெயை உறிஞ்சிய மணலிலும் துணியிலும் அதே நச்சு இருக்கிறது. அவற்றைப் பெயரொட்டிய கலனில் அடைத்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். மலேசியாவில் இத்தகைய கழிவுகளுக்கென்றே தனி விதிமுறைகள் நடப்பில் உள்ளன. அவற்றை மீறி ஒருவர் இரகசியமாகக் கொட்டும் கழிவு எங்கே போய்ச் சேரும் என்பதைப் பாசிர் கூடாங் மாணவர்கள் தங்கள் மூச்சால் அறிந்தார்கள்.