ஸ்டெப்னி இல்லாத காரும் லே போகும் சாலையும்

உபரிச் சக்கரத்துக்கு நாம ஏன் ஸ்டெப்னின்னு சொல்றோம்? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி என்று ஒரு தெரு. அந்த ஊர்க்காரரான தாமஸ் மோரிஸ் டேவிஸ் 1904-ல் ஓர் உபரிச் சக்கரத்தைக் கொண்டுவந்தார். ஆரக்கால் கிடையாது, ரிம்மும் காத்தடிச்ச டயரும் மட்டும்தான். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதை இறுக்கி மாட்டிக்கிட்டு ஓட்டிப் போகலாம். கம்பெனிக்குத் தெருவின் பெயரையே வெச்சாங்க. இன்னைக்கு இங்கிலாந்தில் அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்துறதில்லை. இந்தியாவிலும் பிரேசிலிலும் நிலைச்சிருக்கு. பிரேசில்காரங்க 'எஸ்டெபே' என்கிறாங்க.

சொல் நம்மகிட்ட பத்திரமா இருக்கு. பொருள்தான் காணாமல் போய்க்கிட்டு இருக்கு. 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. மூன்றரை டன் எடைக்குள் இருக்கும் பயணிகள் காரில் டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, பஞ்சர் சரிசெய்யும் கிட் இந்த மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. நகரத்துக்கு இது நியாயமான விதிதான். பஞ்சர் கடை இல்லாத ரோட்டுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி வந்ததுக்குக் காரணம் இருக்கு. அக்கா குடும்பம் மணாலியிலிருந்து லே வரை சொந்தக் காரில் போகத் திட்டம் போடுறாங்க. கார் ஒரு ஜெர்மன் எஸ்யூவி. கூட ரெண்டு பசங்களும் வர்றாங்க. "இவ்ளோ விலை கொடுத்து வாங்கின வண்டி, ஒரு பஞ்சருக்கா பயப்படணும்?" என்று அத்தான் கேட்டார். உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். டயர் விஷயத்தில் மட்டும் விலை கூடக் கூட நிலைமை மோசமாகுது என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். ஏன் என்று வரிசையாகச் சொல்றேன்.

80 என்ற எண்

ஸ்டெப்னிக்குப் பதிலாகச் சொகுசுக் கார்களில் பெரும்பாலும் மூன்றில் ஒரு ஏற்பாடு இருக்கும்.

முதலாவது, ரன்-ஃப்ளாட் டயர். பக்கச் சுவர் தடிமனா, விறைப்பா இருக்கும். காத்து முழுக்கப் போனாலும் அந்தச் சுவரே வண்டியைத் தாங்கும். வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு, மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாமல் 80 கி.மீ. தூரம்.

இரண்டாவது, ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி. இதற்கும் வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ. தான். சில மாடல்களில் காத்து இறக்கி மடிச்சு வெச்சிருப்பாங்க. மாட்டும்போது கம்ப்ரஸர் இல்லைன்னா அது வெறும் ரப்பர்.

மூன்றாவது, ஒரு பாட்டில் சீலன்ட் திரவமும் சின்ன கம்ப்ரஸரும். ரோட்டில் படும் பகுதியில், அதாவது பட்டன் இருக்கும் இடத்தில், ஆணி ஏறின மாதிரி சுமார் 6 மி.மீ. வரையான ஓட்டையைத்தான் இது அடைக்கும். பக்கச் சுவர் கிழிஞ்சா பிரயோஜனமில்லை. பாட்டிலுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. அதைப் பார்த்தவங்க ரொம்பக் குறைவு.

இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் அனுமானம் ஒன்றுதான்: நல்ல ரோடு, பக்கத்தில் ஓர் ஊர், அங்கே ஒரு சர்வீஸ் சென்டர். ஐரோப்பிய நெடுஞ்சாலைக்கு அது சரி.

இப்போ மணாலி–லே ரோட்டைப் பார்ப்போம். அடல் சுரங்கம் வழியா கேலாங் வரைக்கும் பெரிய கவலை இல்லை. கேலாங்குக்குக் கொஞ்சம் முன்னாடி தாண்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று அங்கே இருந்த பலகை பயணிகள் மத்தியில் பிரபலம். கேலாங்கிலிருந்து லே சுமார் 360 கி.மீ. கிட்டத்தட்ட நடுவில் பாங் என்ற கூடார முகாம். அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் 170 கி.மீ.க்கு மேல் போகணும்.

கேலாங்கிலிருந்து 80, லேயிலிருந்து 80 என்று ரெண்டு முனையிலும் கழிச்சா நடுவில் 200 கி.மீ. மிச்சம் இருக்கு. அந்த 200-க்குள் எங்கே பஞ்சர் ஆனாலும் ரன்-ஃப்ளாட்டின் வரம்பு கேலாங்கையும் தொடாது, லேயையும் தொடாது. சர்ச்சு, நக்கீ லா, லாச்சுலுங் லா, மோரே சமவெளி, 5,328 மீட்டர் உயரத் தங்லாங் லா எல்லாம் இந்தத் துண்டில்தான் வருது. தவிர, 80 என்பது சமமான ரோட்டுக்குச் சொன்ன கணக்கு. ஐந்து பேர், முழு லக்கேஜ், கல்லும் ஏற்றமும் என்றால் அது இன்னும் சுருங்கும்.

பெரிய சக்கரம், சின்னச் சுவர்

அடுத்தது டயரின் உயரம். டயர் பக்கத்தில் 275/40 ஆர்21 என்று எழுதியிருந்தா அகலம் 275 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 21 இஞ்ச். அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் 110 மி.மீ. ரப்பர்தான். சாதாரணமான 235/70 ஆர்16 டயரில் இது 164 மி.மீ. கூர்மையான கல்லிலோ பள்ளத்தின் விளிம்பிலோ மோதும்போது டயர் மடங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கும். சுவர் குட்டையா இருந்தா அந்த அடி நேரா ரிம்முக்குப் போகும். பக்கச் சுவர் வெட்டுப்படும், ரிம் வளையும். ரெண்டையும் சீலன்ட் பாட்டில் காப்பாத்தாது.

சில கார்களில் முன் டயரும் பின் டயரும் வேற வேற அளவு: முன்னால் 275/40, பின்னால் 315/35. அப்போ ஒரு ஸ்டெப்னி எடுத்துட்டுப் போனாலும் எந்தப் பக்கத்துக்கு என்ற கேள்வி வரும். கூடாரக் கடைகள் இருக்கும் இடங்களில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுற ஆள் கிடைக்கலாம். லேயிலும் பஞ்சர் ஒட்டலாம். ஆனா உங்க 21 இஞ்ச் டயர் புதுசா கடையில் இருக்கும்னு நம்பிக் கிளம்ப முடியாது.

அதனால முதல் தயாரிப்பு, கருவி வாங்குறது இல்லை, சக்கரத்தைச் சின்னதாக்குறது. டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தின் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ அந்தக் காருக்கு அனுமதிக்கப்பட்ட சக்கர அளவுகள் இருக்கும். பல எஸ்யூவிகளில் 19 இஞ்ச் இருக்கும். 265/50 ஆர்19 போட்டா சுவர் 132 மி.மீ. ஆகும். மொத்த விட்டம் 6 மி.மீ.தான் குறையுது, ஸ்பீடாமீட்டர் பெரிசா ஏமாத்தாது. நாலும் ஒரே அளவா இருந்தா ஒரு ஸ்டெப்னி நாலு இடத்துக்கும் பொருந்தும். பிரேக் பெரிசா இருக்கும் மாடல்களில் சின்ன ரிம் உள்ளே நுழையாது. அதனால கையேட்டில் இல்லாத அளவைப் போட வேண்டாம்.

இரண்டாவது, அதே அளவில் ஒரு முழு ஸ்டெப்னி, ரிம்மோட. வெறும் டயரை மட்டும் எடுத்துட்டுப் போனா அதை ரிம்மில் ஏத்த மெஷின் வேணும். ரன்-ஃப்ளாட்டின் விறைப்பான சுவரைக் கைக் கம்பியால் மாட்டுறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். முழுச் சக்கரம் 30 கிலோ அளவுக்கு வரும். டிக்கியில் பெல்ட் போட்டுக் கட்டியே ஆகணும். திடீர்னு பிரேக் பிடிச்சா அது பின் சீட்டில் இருக்கும் பசங்க மேலதான் வந்து விழும்.

ஜாக்கி எங்கே?

இதை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. ஸ்டெப்னி இல்லாத காரில் பல நேரம் ஜாக்கியும் இருக்காது, வீல் ஸ்பேனரும் இருக்காது. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, வீட்டு வாசலில், ஒரு சக்கரத்தை முழுசா கழட்டி மாட்டிப் பாருங்க. அப்போதான் தெரியும் எதெல்லாம் இல்லைன்னு.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் ஜாக்கி போடும் முன் திரையில் அதற்கான மோடைத் தேர்வு செய்யணும். இல்லைன்னா வண்டி தன் உயரத்தைத் தானே சரிசெய்யப் பார்க்கும். ஜாக்கி மேல நிக்கும்போது அது ஆபத்து. திருட்டைத் தடுக்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு தனி நட்டு இருந்தா, அதற்கான சாவி காருக்குள் இருக்கணும். ஜெர்மன் கார்களில் நட்டு கிடையாது, போல்ட். சக்கரத்தைத் தொங்கவிட முளை இல்லாததால 30 கிலோவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே துளையைச் சேர்க்கணும். போல்ட் துளையில் தற்காலிகமா திருகி வைக்கும் ஒரு கம்பி இருந்தா வேலை பாதியாகும். மண் இளகலா இருந்தா ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை, மத்த டயர்களுக்கு முட்டுக் கொடுக்க ரெண்டு கட்டை. மாட்டின பிறகு 50 கி.மீ. போய் ஒரு தடவை இறுக்கிப் பார்க்கணும்.

ஸ்டெப்னி இல்லாவிட்டாலும் ஜாக்கி வேணும். சக்கரத்தைக் கழட்ட முடிஞ்சா, அந்த வழியா வரும் லாரியில் கொடுத்தனுப்பி ஒட்டி வாங்கலாம். கழட்ட முடியாதுன்னா மொத்த வண்டியையும் ஏத்திட்டுப் போகணும். நாலு சக்கரமும் இழுக்கும் கார்களை ரெண்டு சக்கரம் தரையில் உருள விட்டு இழுத்தா டிரான்ஸ்மிஷன் கெட்டுப் போகலாம். தட்டையான மேடை உள்ள லாரிதான் வரணும். இந்தக் கணவாய்களுக்கு அது எப்போ வரும்னு யாரும் உறுதி சொல்ல மாட்டாங்க.

உயரத்தில் காத்து

மலை ஏறினா டயரில் காத்தைக் குறைக்கணும்னு ஒரு நம்பிக்கை உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சண்டிகரில் 35 டிகிரி வெயிலில் 36 பி.எஸ்.ஐ. வெச்சுக் கிளம்புறீங்க. தங்லாங் லாவில் வெளிக் காற்றின் அழுத்தம் சுமார் ஆறரை பி.எஸ்.ஐ. குறைவு, அதனால மீட்டர் கூடுதலாக் காட்டணும். ஆனா அங்கே 5 டிகிரி குளிர். டயருக்குள் இருக்கும் காத்து சுருங்கி சுமார் 5 பி.எஸ்.ஐ. இறங்கும். ரெண்டும் சேர்ந்து மீட்டர் 37, 38 காட்டும். எதையும் இறக்க வேண்டிய அவசியமே இல்லை. குட்டைச் சுவர் டயரில் காத்தைக் குறைச்சா ரிம்தான் அடி வாங்கும். முழுச் சுமைக்குக் கதவு ஸ்டிக்கர் சொல்லும் அளவையே வைங்க.

கம்ப்ரஸருக்கும் இந்த உயரம் சோதனைதான். 4,600 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். கீழே பத்து நிமிஷத்தில் நிரம்பும் டயருக்கு மேலே பதினாறு, பதினேழு நிமிஷம் ஆகும். காரோட வரும் சின்ன கம்ப்ரஸரைப் பத்து நிமிஷம் ஓட்டினதும் ஆற விடணும்னு அதன் மேலேயே எழுதியிருக்கும். பெரிய டயருக்கு ஏத்த, பேட்டரியில் நேரா கிளிப் மாட்டும் வகை எடுத்துக்கங்க.

கூடவே ஸ்ட்ரிப் வெச்சு ஒட்டும் டியூப்லெஸ் பஞ்சர் கிட். கிட்டைத் தயாரா வெச்சுக்கிட்ட பிறகுதான் ஆணியைப் பிடுங்கணும். ஓட்டையை அரத்தால் சுத்தம் பண்ணி, ஸ்ட்ரிப்பைச் சொருகி, காத்தடிச்சு, சோப்புத் தண்ணி ஊத்திப் பார்க்கணும். பழைய டயர் கடையில் ஒரு கழிவு டயரில் ரெண்டு தடவை பழகிக்கிட்டா போதும். காத்தே இல்லாமல் கணிசமான தூரம் ஓடின டயரை மட்டும் இப்படி ஒட்டி நம்ப வேண்டாம். உள்சுவர் நசுங்கியிருந்தா வெளியே தெரியாது.

உதவி கூப்பிட முடியுமா?

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் சாட்டிலைட் போன் எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வெச்சிருந்தா கைது வரைக்கும் போகும். சாட்டிலைட் வழியா குறுஞ்செய்தி அனுப்பும் கருவிகளுக்கும் அதே கதிதான். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேணும். அதுவும் இந்த 200 கி.மீ.யில் பெரும்பகுதியில் சிக்னல் கிடையாது. அதனால இங்கே உதவிங்கிறது எதிரே வரும் வண்டிதான். விடிகாலையில் கிளம்பினா நாள் முழுக்க வண்டிகள் ஓடும். பனி உருகி ரோட்டைக் கடக்கும் ஓடைகளிலும் காலையில் தண்ணி குறைவு. அடியில் கிடக்கும் கல் கண்ணுக்குத் தெரியும். சாயங்காலம் மாட்டிக்கிட்டா, ஆக்சிஜன் குறைந்த உயரத்தில், உறையும் குளிரில், குழந்தைகளோட காருக்குள் ஓர் இரவு. ஆளுக்கு ஒரு கம்பளி, ஒரு நாளுக்கான தண்ணி, சாப்பாடு எல்லாம் அதனாலதான் பஞ்சர் தயாரிப்புப் பட்டியலில் வருது.

கடைசியா ஒண்ணை வீட்டிலேயே முடிவு பண்ணிடுங்க: ஸ்டெப்னியை மாட்டின நிமிஷத்திலிருந்து உங்ககிட்ட ஸ்டெப்னி இல்லை. பாங்குக்கு முன்னாடி மாட்டினா கேலாங்குக்குத் திரும்புங்க. பாங் தாண்டின பிறகு மாட்டினா, வழியில் ஏரி, பக்கவாட்டு ரோடுன்னு எங்கேயும் இறங்காம நேரா லே போய், ஒட்டிக்கிட்டு அப்புறம் சுத்திப் பாருங்க. ரோட்டோரத்தில், மூச்சு வாங்கிக்கிட்டு, எல்லாரும் ஆளுக்கொண்ணு சொல்லும்போது இந்த முடிவை எடுக்கிறது கஷ்டம்.