உங்களுக்குத் தெரியுமா? உயிர்த்த ஞாயிறன்று விழுந்த குண்டுகள்

1922இல் இத்தாலியில் முசோலினி, 1933இல் ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்கள். இலங்கையின் தாழ்வுபாட்டு மீன்வாடிகளுக்கு அதெல்லாம் எங்கோ நடந்த கதைதான். ஆனால் 1940 செப்டம்பர் 27ஆம் திகதி ஜேர்மனியும் இத்தாலியும் யப்பானோடு முத்தரப்பு ஒப்பந்தம் செய்தன. இரண்டு வருடத்துக்குள் போர் இலங்கைக் கடலுக்கே வந்துவிட்டது.

1942 ஏப்ரல் 4: கொக்கலையிலிருந்து கற்றலினா விமானத்தில் பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், தெற்குக் கடலில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுமுன் எச்சரிக்கைச் செய்தியை அனுப்பிவிட்டார். பாவம், போர் முடியும்வரை யப்பானியரின் சிறைக்கைதி! மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலைப் பூசை நேரத்தில் கொழும்பில் குண்டுகள் விழுந்தன.

ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்று மூழ்கடிக்கப்பட்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கிறது.