உவர் மண்ணில் தரைப் பூச்சு

வண்டி நிறுத்தும் தரைக்கு அடித்த பெயின்ட் உரிந்து வந்தால் பழி பெரும்பாலும் பெயின்டின் மேல் விழுகிறது. கடலோர ஊர்களில் குற்றவாளி தரைக்கு அடியில் இருக்கும் ஈரமும் உப்பும்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டியுள்ள மீனவக் குப்பங்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் நன்னீரால் ஏரியின் உப்பு குறைகிறது. கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, வெயிலில் நீர் வற்றும்போது உப்பு ஏறுகிறது. லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்கள் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேட்டில் நிற்பவை. அங்கே கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும்.

இந்த வீடுகளில் கார் நிறுத்தும் தனி அறை அரிது. வாசலை ஒட்டி இறக்கிய சாய்ப்புதான் அந்த வேலையைச் செய்கிறது. மோட்டார் சைக்கிள், கரையிலிருந்து கழற்றி வந்த அவுட்போர்டு இன்ஜின், வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன் எல்லாம் அங்கேதான். மீன் கழுவிய உப்புத் தண்ணீரும் இன்ஜின் ஆயிலும் மேலிருந்து சொட்ட, நிலத்து ஈரம் கீழிருந்து ஏறுகிறது. ஒரே தரைக்கு இருபுறமும் அடி.

கான்கிரீட் பார்வைக்குக் கல் போலத் தெரிந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது நிலத்து நீரை மேலே இழுக்கும். இதையே ஓதம் என்கிறோம். நீர் காற்றில் ஆவியாகப் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு போகாது. அது தரை மேல் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பூச்சு அடித்து மேற்பரப்பை மூடிவிட்டால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. பூச்சுக்கு அடியிலேயே உப்பு படிகமாக விளைந்து அதை நெம்பித் தூக்குகிறது. முதலில் சிறு கொப்புளங்கள், பிறகு தட்டுத் தட்டாக உரிதல். உரிந்த தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் சிமென்ட் தூளும் வெள்ளை உப்பும் ஒட்டியிருக்கும். பெயின்ட் கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தது, விட்டது தரையின் தோல் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே பெயின்ட் வாங்கும் முன் தரையைச் சோதிக்க வேண்டும். ஒன்றரை அடி சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுவது உலகெங்கும் வழக்கத்திலுள்ள எளிய சோதனை. பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ அங்கே பூச்சு நிற்காது. கோடையில் காய்ந்து தெரியும் தரை மழைக்காலத்தில் வேறு முகம் காட்டும் என்பதால், பழவேற்காடு போன்ற இடத்தில் கார்த்திகை, மார்கழி வாக்கில் ஒருமுறை சோதிப்பது நல்லது. இன்னொரு சோதனை அதைவிடச் சுலபம். தரையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உள்ளே இழுக்கப்பட வேண்டும். உருண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, பூச்சு பிடிக்காது.

பிசுக்கைச் சோப்புத் தூளும் வெந்நீரும் விட்டு, விறைப்பான துடைப்பத்தால் பலமுறை தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு தரையைச் சொரசொரப்பாக்குவது. பலர் இதற்கு ஆசிட் ஊற்றுகிறார்கள். உவர் மண்ணில் அது தவறான வழி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிமென்டிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் குளோரைடு ஆகிறது. காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும் உப்பு அது. ஏற்கெனவே உப்பில் தவிக்கும் தரைக்கு இன்னும் உப்பை ஊட்டுவதுபோல் ஆகிவிடும். கிரைண்டர் வைத்துத் தேய்த்துத் தூசியை முழுக்க எடுப்பதே சரி.

பூச்சுகளில் உறுதியானது எபாக்சி. ரெசின், ஹார்டனர் என இரண்டு டப்பாவாக வரும். குப்பங்களில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடத் தெரிந்தவர்கள் அதிகம் என்பதால் ரெசின் கலப்பது அங்கே பழகிய வேலை. ஆனால் படகு ரெசின் பாலியஸ்டர் வகை. அதில் ஹார்டனர் மிகக் கொஞ்சம்தான் சேரும், கொஞ்சம் கூடக்குறைய விட்டால் இறுகும் நேரம்தான் மாறும். எபாக்சியில் ஹார்டனரின் அளவு வகைக்கு வகை மாறும், சிலவற்றில் ரெசினில் பாதி, சிலவற்றில் ரெசினுக்குச் சமம். டப்பாவில் சொன்ன விகிதம் தப்பினால் பூச்சு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். மிச்சமான படகு ரெசினையே தரையில் தடவுவதும் வேண்டாம். கான்கிரீட்டின் காரம் ஈரத்தோடு சேர்ந்து சாதாரண பாலியஸ்டரை அரித்துவிடும்.

நேரமும் பார்க்க வேண்டும். விடியற்காலைப் பனி தரையில் படிந்திருக்கும். தரையின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. வெயில் ஏறும்போது அடித்தால் துளைகளிலுள்ள காற்று விரிந்து பூச்சில் குமிழி விடும். உச்சி வெயில் இறங்கிய பின் தொடங்கி, இரவு ஈரம் இறங்குவதற்குள் இறுகும்படி முடிப்பது நல்லது. நடக்க ஒரு நாள், வண்டி ஏற்ற ஒரு வாரம் பொறுக்க வேண்டும். ஈரக் காலோடு நடமாடும் இடம் என்பதால் பூச்சு காயும் முன் கழுவிச் சலித்த ஆற்று மணலைத் தூவினால் வழுக்காது.

ஈரச் சோதனையில் தோற்ற தரையை எந்த விலை உயர்ந்த பூச்சும் காப்பாற்றாது. அதன் மேல் தடித்த பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஒட்டி, புதுக் கான்கிரீட் போடுவதே நிலையான வழி. கலவைக்கு ஏரித் தண்ணீரோ உவர்க் கிணற்று நீரோ கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456 விதிப்படி, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராமும், கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு 500 மில்லிகிராமும் தாண்டக்கூடாது. கடல் நீரில் அது சுமார் 19,000. புதுத் தரையை 28 நாளாவது விட்டு, காய்ந்ததைச் சோதித்த பிறகே பூச வேண்டும். அவ்வளவு செலவுக்கு வழியில்லாதவர்கள் சிமென்டோடு ரெட் ஆக்சைடு கலந்து இழைத்த பழைய பாணித் தரையைப் போட்டுக்கொள்ளலாம். நிறம் சிமென்டோடு கலந்திருப்பதால் உரிந்து வர ஒன்றுமில்லை. உப்பு பூத்தால் துடைத்தெடுக்கலாம்; வெறும் தரையாகவே விடுவதும் தவறல்ல.

எபாக்சி ஹார்டனர் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், கையுறை கட்டாயம். மிஞ்சியதை ஏரியில் கொட்டாமல், ரெசினையும் ஹார்டனரையும் கலந்து கட்டியாக இறுகவிட்டுக் குப்பையில் சேர்க்க வேண்டும். ரோலர் கழுவிய தின்னரும் தண்ணீரில் கலக்கக் கூடாது. இறாலும் நண்டும் வளர்கிற அந்தத் தண்ணீரை நம்பித்தான் குப்பத்து அடுப்புகள் எரிகின்றன.